மூன்றாவது ரெகுலேட்டர்

ரெகுலேட்டர் என்றால் நம் வீடுகளில் இரண்டு உண்டு. ஒன்று ஃபேனுக்கு. ஐந்தில் வைத்தாலும் ஒன்றில் வைத்தாலும் ஒரே வேகத்தில் சுற்றும். இன்னொன்று காஸ் சிலிண்டருக்கு. அது சமையலறை இலாகா. ஞாயிற்றுக்கிழமை விருந்தாளி வந்திருக்கும்போது சிலிண்டர் தீர்ந்தால் மட்டும் நம் இலாகா.

மூன்றாவதாக ஒரு ரெகுலேட்டர் இருக்கிறது. முதுகில் காற்றுச் சிலிண்டரைக் கட்டிக்கொண்டு, இதை வாயில் கடித்துக்கொண்டு, தண்ணீருக்கடியில் போவார்கள். ஸ்கூபா டைவிங். 2019 பிப்ரவரியில் ஒரு சனிக்கிழமை, இங்கிலாந்தில், 5 டிகிரித் தண்ணீரில், 18 மீட்டர் ஆழத்தில், அந்த மூன்றாவது ரெகுலேட்டர் என் காலை வாரிவிட்டது. ரொம்ப நாள் எல்லாரிடமும் அப்படித்தான் சொல்லிக்கொண்டு திரிந்தேன். யோசித்துப் பார்த்தால், காலை வாரியது ரெகுலேட்டர் இல்லை, என் வாய். எப்படி என்று சொல்கிறேன்.

எனக்கு முறையாக நீச்சல் வந்ததே 25 வயசில். 2017-ல் ஆபீஸ் நண்பர்களோடு அந்தமான் போனபோது, ஹேவ்லாக் தீவில் (இப்போது ஸ்வராஜ் தீப்) நாலு நாள் டைவிங் கோர்ஸ் முடித்து சர்டிஃபிகேட் வாங்கினேன். அம்மாவிடம் சொல்லவில்லை. எனக்கு ஜாதகத்தில் தண்ணீரில் கண்டம் என்று எழுதியிருக்கிறதாம், குற்றாலத்துக்கே விடாதவள். அந்தமான் தண்ணீர் 28, 29 டிகிரி. கீஸர் போட்டுக் குளிக்கிற சுகம். மோகம் தலைக்கேறி, ஊர் திரும்பியதும் போனஸ் பணத்தில் சொந்தமாக ஒரு ரெகுலேட்டர் வாங்கினேன். பளபளவென்று, சின்னதாக, லேசாக இருந்தது. வாயில் வைத்து லேசாக இழுத்தால் போதும், காற்று கொட்டும். கல்யாணப் பந்தியில் 'போதும் போதும்' என்றாலும் சாம்பார் ஊற்றிக்கொண்டே போகிற ஆசாமி மாதிரி.

அடுத்த வருஷம் கம்பெனி என்னை ஒரு ப்ராஜெக்ட்டுக்காக இங்கிலாந்துக்கு, லெஸ்டர் நகரத்துக்கு அனுப்பியது. பெட்டியில் புளிக்காய்ச்சல், பருப்புப் பொடி, ரெகுலேட்டர்.

லெஸ்டரிலிருந்து எந்தப் பக்கம் போனாலும் கடல் தூரம். அதனால் அந்தப் பக்கத்து டைவர்கள் கைவிடப்பட்ட கல்குவாரிகளில் முங்குகிறார்கள். கல் வெட்டி முடித்து பம்பை நிறுத்தியதும் ஊற்றும் மழையும் சேர்ந்து நிரப்பிய பள்ளம். நம்மூரில் இந்த மாதிரி இடத்தில் 'இங்கு குளிக்கக் கூடாது' என்று போர்டு வைப்போம். அவர்கள் டிக்கெட் போட்டு, கார் பார்க்கிங் வைத்து, டீக்கடை திறந்து, சுவாரஸ்யத்துக்காகப் பழைய பஸ், படகு, விமானம் எல்லாம் உள்ளே மூழ்கடித்து வைத்திருக்கிறார்கள். சீமைக்குப் போய், தண்ணீருக்குள் இறங்கி பஸ் பார்த்த புண்ணியவான் நான்.

ஒரு டைவிங் கிளப்பில் சேர்ந்தேன். டைவிங்கில் தனியாகப் போகக் கூடாது. கூட ஓர் ஆள் வேண்டும். அவருக்கு 'பட்டி' என்று பெயர். ஆண்டிப்பட்டி, புளியம்பட்டி போல எனக்கு ஒரு பட்டி அமைந்தார். அறுபது தாண்டியவர், காஸ் பைப் ஃபிட்டராக இருந்து ரிட்டையர் ஆனவர், அதிகம் பேசாதவர். பேசினால் கடைசியில் 'மீ டக்' என்று சேர்த்துக்கொள்வார். 'என் வாத்தே' என்று அர்த்தம். லெஸ்டர் பக்கம் அது அன்பான அழைப்பு. பஸ் டிரைவரம்மா, காய்கறிக்காரர், எல்லாருக்கும் எல்லாரும் வாத்து.

அந்தச் சனிக்கிழமை என்னோடு என் ரூம்மேட்டும் வந்திருந்தான். சேலத்துக்காரன். தண்ணீரில் இறங்க அல்ல. கரையில் நின்று ஃபோட்டோ எடுக்க. கையில் லெமன் ரைஸ் டப்பா.

அங்கே இறங்க ட்ரை சூட் போட வேண்டும். உள்ளே மெத்தை மாதிரி ஓர் உடுப்பு, மேலே தண்ணீர் புகாத ரப்பர் உறை, நடுவில் காற்று. ஆழம் போகப் போகத் தண்ணீர் அழுத்தி சூட் உடம்போடு ஒட்டும். உடனே நெஞ்சில் இருக்கிற பட்டனை அழுத்தினால், முதுகிலிருக்கும் அதே சிலிண்டரிலிருந்து சூட்டுக்குள் காற்று வரும். 'அதே சிலிண்டர்' என்பதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் வருகிறது.

இறங்குவதற்கு முன் பட்டி என் ரெகுலேட்டரைக் கையில் எடுத்துத் திருப்பிப் பார்த்தார். கண்ணாடி போடவில்லை. என்னைப் பார்த்து, "இது குளிர் தண்ணீருக்கானதுதானே?" என்று கேட்டார்.

எனக்குத் தெரியாது. குளிர் தண்ணீருக்குத் தனி ரெகுலேட்டர் உண்டு என்பதே அந்த நிமிஷம்தான் தெரியும். ஆனால் ஸார், நான் எட்டு வருஷம் ஐ.டி.யில் இருந்தவன். கிளையன்ட் ஒரு கேள்வி கேட்டால், முதலில் 'எஸ்', அப்புறம் வீட்டுக்குப் போய்க் கூகுள். ரத்தத்தில் ஊறிய பழக்கம். நம் தலையாட்டல் வெள்ளைக்காரருக்கு ஆமாம் போலவும் தெரியும், இல்லை போலவும் தெரியும் என்பதால் வாயாலும் சொன்னேன்.

"எஸ், எஸ்."

அவர் நம்பினார். டைவிங்கில் பட்டி சொன்னால் பட்டி நம்புவார். அதுதான் அந்த உறவே.

இறங்கினோம். முகத்தில் ஐந்து டிகிரித் தண்ணீர் பட்டதும் நெற்றியில் யாரோ சுத்தியலால் தட்டியது போல இருந்தது. குளிரில் மூச்சு தானாக வேகமாகும். 18 மீட்டரில் பஸ் கண்ணுக்குத் தெரிந்தது. சூட் இறுக்கியது. பட்டனை அழுத்தினேன், கொஞ்சம் அதிக நேரமே அழுத்தினேன். அதே சமயம் ஆழமாக ஒரு மூச்சு இழுத்தேன்.

இழுத்த மூச்சு நிற்கவே இல்லை.

வாயில் குழாயைத் திறந்துவிட்ட மாதிரி காற்று கொட்ட ஆரம்பித்தது. காது ஓரம் லாரி டயர் வெடித்த சத்தம். முகத்தைச் சுற்றிக் குமிழிகள். கண்ணுக்கு ஒன்றும் தெரியவில்லை. பல் கூசியது. நாக்கில் ஐஸ் துணுக்குகள் வந்து விழுந்தன. மீட்டரைப் பிடித்துப் பார்த்தேன். முள் கண்ணெதிரே இறங்கிக்கொண்டிருந்தது. ஆட்டோ மீட்டர் எதிர்த்திசையில் ஓடினால் எப்படி இருக்கும், அப்படி. இப்படிக் கொட்டும் ரெகுலேட்டரை வாய் ஓரத்தில் வைத்துக்கொண்டு, வேண்டிய காற்றை மட்டும் உறிஞ்சி மூச்சு விடலாம். அந்தமானில் சொல்லித் தந்தார்கள், செய்தும் காட்டினேன். அந்த நிமிஷம் எனக்கு ஞாபகம் வந்தது அம்மாவும் ஜாதகமும்தான்.

பட்டி வந்தார். அவசரமே படவில்லை. என் தோள் பட்டையை இறுகப் பிடித்தார். அவர் முதுகில் பெரிய சிலிண்டரோடு, மூன்று லிட்டரில் ஒரு குட்டிச் சிலிண்டரும் அதற்குத் தனி ரெகுலேட்டரும் இருந்தன. 'போனி' என்பார்கள், மட்டக்குதிரை. அதை என் வாயில் வைத்தார். என் சிலிண்டரின் வால்வை மூடினார். சத்தம் நின்றது. விரலைக் காட்டி 'மெதுவா' என்றார். மெதுவாக மேலே வந்தோம். மேலே வர இரண்டு மூன்று நிமிஷம் ஆகியிருக்கும். நான் அந்த நேரத்தில் மூன்று கோவிலுக்கு வேண்டிக்கொண்டுவிட்டேன்.

கரையில் சேலத்துக்காரன் சந்தோஷமாக நின்றிருந்தான். "மச்சி, திடீர்னு எவ்ளோ குமிழி! பயங்கரமா என்ஜாய் பண்றான்னு நெனச்சு பதினெட்டு ஃபோட்டோ எடுத்தேன்."

அந்த ஃபோட்டோக்கள் இன்னும் என்னிடம் இருக்கின்றன. அமைதியான தண்ணீர், நடுவில் ஒரு வட்டம் கொதிக்கிறது. அவ்வளவுதான் தெரியும் மேலே இருப்பவர்களுக்கு.

என் ரெகுலேட்டரைக் கழற்றிப் பார்த்தோம். சிலிண்டரில் மாட்டுகிற உலோகப் பகுதியைச் சுற்றி வெள்ளையாக ஐஸ். ஃப்ரீஸரில் ஒரு மாசம் கிடந்த பால் பாக்கெட் மாதிரி. பட்டி கண்ணாடியை எடுத்துப் போட்டுக்கொண்டு, ஐஸை விரலால் சுரண்டினார். அடியில் பொடி எழுத்தில் பொறித்திருந்தது: ஈ.என். 250. பக்கத்தில் 'விடப் பெரியது' குறி போட்டு, 10 டிகிரி செல்ஷியஸ்.

ஒன்றரை வருஷமாக நான் அதை மாடல் நம்பர் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

டீக்கடையில் உட்கார்ந்தோம். அவர் கோப்பையைப் பிடித்தபோது கை நடுங்கியது. குளிர் என்று நினைத்தேன்.

"குளிர் தண்ணிக்கானதுன்னு சொன்னியே?"

"சொன்னேன்."

"தெரிஞ்சு சொன்னியா?"

"...இல்லை."

"தெரியாதுன்னு சொல்லியிருக்கலாமே, மீ டக். என்கிட்ட வேற ஒண்ணு கார்ல இருந்துது."

அவ்வளவுதான். திட்டவில்லை. திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். அந்தக் கை நடுக்கம் குளிரால் இல்லை என்று அப்போதுதான் புரிந்தது.

அதற்கப்புறம் அவர் எனக்குப் பாடம் எடுத்தார். வாழ்நாள் முழுக்க காஸ் ரெகுலேட்டர் பார்த்த மனிதர். விஷயம் சுலபமாக வந்தது. உங்களுக்கு நம் பாஷையில் சொல்கிறேன்.

பள்ளிக்கூடத்தில் கணக்கு வாத்தியார் சைக்கிளில் காற்றைப் பிடுங்கிவிட்டிருக்கிறீர்களா? (மனசாட்சியோடு பதில் சொல்லவும்.) அந்தக் காற்று விரலில் ஜில்லென்று படும். அடைபட்டுக் கிடந்த காற்று திடீரென்று விரிந்தால் குளிரும். சைக்கிள் ட்யூபில் இருப்பது சொற்ப அழுத்தம். டைவிங் சிலிண்டரில் 200 பார், அதாவது நாம் சுவாசிக்கிற காற்றைப் போல் 200 மடங்கு. அதை நேரே வாயில் விட்டால் நாம் பலூன். அதனால் இரண்டு கட்டமாகக் குறைக்கிறார்கள். சிலிண்டரில் மாட்டுகிற முதல் கட்டம், 200-ஐச் சுமார் 10-ஆக்குகிறது. வாயில் கடிக்கிற இரண்டாவது கட்டம், அந்த ஆழத்துத் தண்ணீரின் அழுத்தத்துக்குக் கொண்டுவருகிறது. இழுத்தால் திறக்கும், விட்டால் மூடும்.

பெரிய குளிர்ச்சி அந்த முதல் கட்டத்தில்தான். அந்த உலோகம் தண்ணீரைவிடப் பல டிகிரி கீழே, பூஜ்யத்துக்கும் கீழே போய்விடுகிறது. அந்தமானில் சுற்றியிருக்கும் 28 டிகிரித் தண்ணீர் அதை உடனே சூடாக்கிவிடும். ஐந்து டிகிரித் தண்ணீருக்கு அந்தத் தெம்பு இல்லை. அதுவும் குவாரியில் இருப்பது நல்ல தண்ணீர், பூஜ்யத்திலேயே உறையும். கடல் தண்ணீர் உப்பு காரணமாக மைனஸ் 1.9 வரை தாங்கும். முதல் கட்டத்துக்குள் இருக்கிற ஸ்பிரிங்கைச் சுற்றித் தண்ணீர் உறைந்ததும், வால்வு திறந்த நிலையிலேயே மாட்டிக்கொள்கிறது. அழுத்தம் ஏறி, இரண்டாவது கட்டத்தையும் தள்ளித் திறந்துவிடுகிறது. கொட்டக் கொட்ட இன்னும் குளிர்ச்சி, இன்னும் ஐஸ், இன்னும் கொட்டல். கந்துவட்டி மாதிரி.

இதில் ஒரு நல்ல விஷயம் உண்டு. பெரும்பாலான ரெகுலேட்டர்களைப் பழுதானால் திறந்துகொள்கிற மாதிரிதான் செய்திருக்கிறார்கள். மூடிக்கொண்டால் அந்த மூச்சே கடைசி. கொட்டினால் சில நிமிஷமாவது கையில் இருக்கும்.

சில நிமிஷம்தான். 18 மீட்டரில் ஒரு மூச்சுக்கு, மேலே இருப்பதைப் போல் கிட்டத்தட்ட மூன்று மடங்கு காற்று செலவாகும். ஆழம், வேகமான மூச்சு, நிரம்பிய சிலிண்டர், கூடவே சூட்டுக்கும் காற்று என்று எல்லாம் சேர்ந்தால் முதல் கட்டத்துக்கு மூச்சு முட்டும். நான் எல்லாவற்றையும் ஒரே விநாடியில் செய்தேன்.

அன்று ராத்திரி தூக்கம் வரவில்லை. திங்கட்கிழமையிலிருந்து ஆராய்ச்சியில் இறங்கினேன். ஆபீஸ் எக்ஸெலில் ஒரு ஷீட் திறந்து, ரெகுலேட்டர் வகைகளை வரிசையாக எழுதி, சிவப்பு, மஞ்சள், பச்சை அடித்தேன். பின்னால் வந்து எட்டிப் பார்த்த மேனேஜர், "குட். ஷேர் வித் த டீம்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

ஷீட்டின் சாராம்சம் இதுதான்.

முதல் வகை, சீல் இல்லாத பிஸ்டன். உள்ளே அசைகிற பாகங்கள் குறைவு. காற்றை அள்ளிக் கொடுக்கும். வெந்நீர்க் கடலில் ராஜா. ஆனால் ஸ்பிரிங்கைச் சுற்றித் தண்ணீர் தாராளமாகப் போய் வரும். உறைவதற்குச் சிவப்புக் கம்பள வரவேற்பு. என்னுடையது இந்த ஜாதி.

இரண்டாவது, டயஃப்ரம். பிஸ்டனுக்குப் பதில் ஒரு ரப்பர்த் தகடு. வால்வுப் பக்கம் தண்ணீர் வராது. ஆனால் தகட்டுக்கு வெளியே இருக்கும் ஸ்பிரிங் நனையும். அதனால் அதற்கும் வெளியே இன்னொரு தகடு போட்டு, அறையை உலர்ந்ததாகவே மூடிவிட்டால் அது சீல் வைத்த டயஃப்ரம். உறையத் தண்ணீரே இல்லை. சிலதில் உலர்ந்த அறைக்குப் பதில் உறையாத எண்ணெய் நிரப்புவார்கள். இங்கிலாந்தின் பிளாக்பர்ன் ஊரில் பிறந்த ஏபெக்ஸ் போன்ற கம்பெனிகள் இந்த சீல் வைத்த வகைக்குப் பெயர் போனவை.

மூன்றாவது, பிஸ்டன்தான், ஆனால் ஸ்பிரிங் அறைக்குள் எப்போதும் துளித்துளியாகக் காற்றைக் கசியவிட்டுத் தண்ணீரை வெளியே நிறுத்துவது. அமெரிக்காவின் ஷெர்வுட் இதில் பிரசித்தம். வேலை செய்யும். ஆனால் முதுகில் இடைவிடாமல் சின்னக் குமிழிகள் போய்க்கொண்டே இருக்கும். போகிற வருகிற டைவர் எல்லாம் தோளைத் தட்டி, 'உன் ரெகுலேட்டர் லீக்' என்று சைகை காட்டுவார்கள். சைக்கிள் ஸ்டாண்டை எடுக்காமல் போகிறவனுக்குக் கிடைக்கிற மரியாதை.

வாயில் கடிக்கிற இரண்டாவது கட்டத்திலும் ஐஸ் உண்டு. அது நம் உபயம். நாம் விடுகிற மூச்சில் ஈரம் இருக்கிறதே! உள்ளே வருகிற குளிர்ந்த காற்றில் அது உறைந்து லீவரில் ஒட்டிக்கொள்கிறது. பிளாஸ்டிக் உடம்பு லேசு, தாடை வலிக்காது. ஆனால் சூட்டைக் கடத்தாது. உலோக உடம்பு கனம்; ஆனால் சுற்றியிருக்கிற ஐந்து டிகிரித் தண்ணீரிலிருந்து சூட்டை உறிஞ்சி உள்ளே தரும். ஐந்து டிகிரியில் என்ன சூடு என்று கேட்பீர்கள். மைனஸில் இருக்கிறவனுக்கு ஐந்து டிகிரி கணப்பு அடுப்பு. முதல் கட்டத்தின் உடம்பில் மோட்டார் சைக்கிள் எஞ்சின் போல வரிவரியாகப் பட்டை வைத்திருப்பதும் இதற்குத்தான். எஞ்சினில் சூட்டை வெளியேற்ற. இங்கே உள்ளே வாங்க.

அப்புறம் அந்த ஈ.என். 250. ஐரோப்பியத் தர நிர்ணயம். ரெகுலேட்டரை நாலு டிகிரிக்கு மேற்படாத தண்ணீரில், 50 மீட்டர் ஆழத்துக்கான அழுத்தத்தில் வைத்து, இயந்திர நுரையீரலால் நிமிஷத்துக்கு 62.5 லிட்டர் வீதம் ஐந்து நிமிஷம் இழுப்பார்கள். சாதாரணமாக நிதானமாக நீந்துகிற டைவர் இழுப்பது நிமிஷத்துக்கு 15, 20 லிட்டர். 62.5 என்றால் ரயிலைப் பிடிக்க ஓடுகிறவனின் மூச்சு. இதில் கொட்டாமல் நின்றால் குளிர் தண்ணீருக்குப் பாஸ். இந்தப் பரீட்சையில் தேறாததற்கு '10 டிகிரிக்கு மேல் மட்டும்' என்று முத்திரை. கம்பெனிக்காரன் ஒளிக்கவில்லை. உலோகத்தில் பொறித்தே கொடுத்திருந்தான். படிக்காதது நான்.

மார்ச், ஏப்ரல் சனிக்கிழமைகளில் கிளப் ஆட்களிடம் கடன் வாங்கி மூன்று ரெகுலேட்டர்களை அதே குவாரியில் போட்டுப் பார்த்தேன். ஒவ்வொரு தடவையும் பட்டி பக்கத்திலேயே இருந்தார், மட்டக்குதிரையோடு. சீல் வைத்த டயஃப்ரம், பிளாஸ்டிக் வாய்: கொட்டவில்லை, ஆனால் இருபது நிமிஷத்துக்கு மேல் நாக்கில் ஐஸ் துணுக்கு வந்தது. சீல் வைத்த டயஃப்ரம், உலோக வாய்: ஐஸ் துணுக்கு இல்லை, அரை மணியில் தாடை வலி. கசியவிடும் பிஸ்டன்: ஒரு தொந்தரவும் இல்லை, ஆறு பேர் தோளைத் தட்டினார்கள்.

மூன்றிலும் பொதுவாக ஒன்று இருந்தது. என் பழைய ரெகுலேட்டர் மாதிரி எதுவும் கொட்டிக் கொடுக்கவில்லை. குளிருக்காகக் கொஞ்சம் இறுக்கமாக ட்யூன் பண்ணியிருந்தார்கள். இழுத்தால்தான் தரும். முதல் ஐந்து நிமிஷம், 'என்னடா இது கஞ்சப் பிசினாறி' என்று எரிச்சல் வந்தது. அப்புறம் அதன் தாளத்துக்கு நானே மெதுவாக மூச்சு விட ஆரம்பித்தேன். கேட்டதற்கெல்லாம் தாராளமாக ஆமாம் போடுகிற ரெகுலேட்டர்தான் குளிரில் முதலில் உறைகிறது என்று பட்டியிடம் சொன்னேன். அவர் என்னை ஒரு மாதிரி பார்த்துவிட்டு, "ஆட்களும் அப்படித்தான், மீ டக்" என்றார். வாங்கிக் கட்டிக்கொண்டேன்.

உலோக வாய் வைத்த சீல் டயஃப்ரத்தையே வாங்கினேன். ஒரு மாச ரூம் வாடகைக்கு மேல் ஆனது. அந்த மாசம் முழுக்க சேலத்துக்காரன் தயவில் சாப்பிட்டேன்.

ஆனால் நல்ல ரெகுலேட்டர் வாங்கியதோடு முடிந்ததா என்றால், இல்லை. அண்டார்ட்டிகாவில் மக்மர்டோ என்று அமெரிக்க ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. அங்கே விஞ்ஞானிகள் பனிப்பாளத்தில் துளை போட்டு, மைனஸ் 1.8 டிகிரிக் கடலில் இறங்குகிறார்கள். இதைவிடக் குளிராக ஒரு டைவ் கிடைப்பது அபூர்வம். அவர்கள் கையில் உள்ளது பொறுக்கியெடுத்த ரெகுலேட்டர்கள். அப்படியும் ஒவ்வொருவரும் தனித்தனியான இரண்டு ரெகுலேட்டர்களோடு இறங்க வேண்டும் என்பது விதி. தண்ணீருக்கு மேலே நின்று அதில் மூச்சு விட்டுப் பார்க்கவும் கூடாது. வெளிக்காற்று தண்ணீரைவிடக் குளிர், மூச்சின் ஈரம் அங்கேயே உறைந்துவிடும். அதாவது, இருப்பதிலேயே நல்ல சாமானை வைத்துக்கொண்டு, அதுவும் உறையலாம் என்று நினைத்து நடப்பவர்கள் அவர்கள்.

நானும் சில பழக்கங்களை வளர்த்துக்கொண்டேன். சூட்டுக்குக் காற்றைச் சின்னச் சின்னதாகத்தான் விடுவது. சூட்டுக்கு விடும்போது மூச்சை இழுக்காமல், விடும்போது மட்டும் பட்டனை அழுத்துவது. சிலிண்டரில் உலர்ந்த காற்றுதானா என்று நிரப்புகிறவரைக் கேட்பது. முதுகில் ஒரு மட்டக்குதிரை. முக்கியமாக, இறங்குவதற்கு முன் யார் என்ன கேட்டாலும் பொறித்திருப்பதைப் படித்துவிட்டுப் பதில் சொல்வது.

ஒரு சரித்திரத் துணுக்கையும் சொல்லிவிடுகிறேன். இந்த மூன்றாவது ரெகுலேட்டர், நம் சமையலறை ரெகுலேட்டருக்கு ஒன்றுவிட்ட தம்பி. இரண்டாம் உலகப் போரில் ஜெர்மனி பிடித்து வைத்திருந்த பிரான்ஸில் பெட்ரோல் தட்டுப்பாடு. கார்களைச் சமையல் காஸில் ஓட்ட வேண்டியிருந்தது. எஞ்சின் கேட்கிற அளவுக்கு மட்டும் காஸைத் தருகிற ஒரு வால்வை எமில் காக்னான் என்ற எஞ்சினியர் செய்து வைத்திருந்தார். கடற்படைக்காரரான ழாக் கூஸ்தோ அவரைத் தேடிப் போய், எஞ்சினுக்குப் பதில் மனுஷனுக்குத் தர முடியுமா என்று கேட்டார். 1943 ஜனவரியில் பாரிஸுக்குப் பக்கத்தில் மார்ன் நதியில் இறங்கிச் சோதித்தார்கள். ஜனவரி, பாரிஸ், நதி! முதல் பரீட்சையே குளிர் தண்ணீரில்தான். படுத்தால் சரியாக வேலை செய்தது. நிமிர்ந்தால் காற்று கொட்டியது. தலைகீழாகப் போனால் மூச்சு கிடைக்கவில்லை. 'எஸ், எஸ்' என்று தலையாட்டிவிட்டுப் போகாமல், ஏன் என்று பார்த்தார்கள். காற்று வெளியேறும் இடமும் வால்வும் வேறு வேறு மட்டத்தில் இருந்ததுதான் கோளாறு. இரண்டையும் அருகருகே கொண்டுவந்ததும் சரியாகிவிட்டது. அந்தக் காலத்து ரெகுலேட்டரில் இரட்டைக் குழாய். வால்வு முதுகில் இருக்கும். விடுகிற மூச்சு வால்வின் உள்பக்கம் திரும்பி வராமல் தனிக் குழாயில் போய்விடும். அதனால் ஈரம் உறைந்து வால்வில் ஒட்டுகிற தொல்லை குறைவு. தாத்தா காலத்துச் சாமானை அண்டார்ட்டிகாக்காரர்கள் ரொம்ப காலம் விடாமல் வைத்திருந்ததற்கு அதுதான் காரணம்.

2021-ல் சென்னைக்கே திரும்பி வந்துவிட்டேன். பட்டி வழியனுப்ப வந்தபோது, பழைய ரெகுலேட்டரை அவரே சர்வீஸ் செய்து, டப்பாவில் போட்டுக் கொடுத்தார். மூடியின் மேல் மார்க்கரால் பெரிதாக எழுதியிருந்தார்: '10-க்கு மேல். கண்ணாடி போட்டுக்கொண்டு படிக்கவும்.' அந்தக் கண்ணாடி எனக்கா, அவருக்கா என்று நான் கேட்கவில்லை. அன்று கண்ணாடி போடாமல் என் வார்த்தையை நம்பியதற்கு அவர் தன்னையும் சேர்த்துத் திட்டிக்கொண்டிருந்தார் என்பது எனக்குத் தெரியும்.

இப்போது பாண்டிச்சேரிக் கடலில் அந்தப் பழைய ரெகுலேட்டர்தான். வெந்நீரில் அது பத்தரைமாற்றுத் தங்கம். குறை அதனிடம் இல்லை; கொண்டுபோன இடம்தான் தப்பு. குளிர் ரெகுலேட்டர் அலமாரியில், ஸ்வெட்டருக்குப் பக்கத்தில் இருக்கிறது. அம்மா ஒரு நாள் அதை எடுத்துப் பார்த்து, "காஸ் ரெகுலேட்டர் எக்ஸ்ட்ரா வாங்கி வெச்சிருக்கியா? நல்லதாப் போச்சு" என்றாள். ஆமாம் என்று சொல்லிவிடலாமா என்று ஒரு விநாடி தோன்றியது. உட்காரவைத்து முழுக் கதையையும் சொன்னேன். ரெண்டு நாள் பேசவில்லை. மூன்றாம் நாள், "அந்தப் பெரியவர் நல்லா இருக்கட்டும்" என்று சொல்லி, அவர் பெயரைக் கேட்டுக்கொண்டு போய் அர்ச்சனை செய்துவிட்டு வந்தாள். அர்ச்சகர் கோத்திரம் கேட்டதற்குத்தான் இவளுக்குப் பதில் தெரியவில்லையாம்.

போன வாரம் மீட்டிங்கில் புது கிளையன்ட் கேட்டார்: "வெள்ளிக்கிழமைக்குள் முடிக்க முடியும்தானே?"

டீம் முழுக்க என்னைப் பார்த்தது. நாக்கு நுனிக்கு அந்தப் பழைய 'எஸ்' வந்துவிட்டது. பல்லிடுக்கில் ஐஸ் துணுக்கு பட்ட மாதிரி இருந்தது.

"தெரியலை. பார்த்துட்டு நாளைக்குச் சொல்றேன்" என்றேன்.

கிளையன்ட் ஒன்றும் கோபித்துக்கொள்ளவில்லை. மேனேஜர்தான் உறைந்து போனார்.